எட்டாம் தேதிக்கு எந்த ஊர்?

"தம்பி, ஒரு எட்டு கடைக்கு வந்துட்டுப் போங்க. மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தவங்க வந்து சத்தம் போடுறாங்க."

கணக்குப்பிள்ளை போனில் இவ்வளவுதான் சொன்னார். 2023 மே 8, காலை பதினொன்றரை மணி இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, ஊர் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெற்காவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த அடகுக்கடை. சித்திரை ஒன்றாம் தேதி, புதுக்கணக்கு போட்ட கையோடு, அங்கே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய, ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிய புரோகிராமை எடுத்துவிட்டு நான் எழுதியதைப் போட்டிருந்தேன். தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல், நிரல் கோ என்ற கணினி மொழியில். பழைய ரசீதுகள் அத்தனையையும் புதியதுக்கு மாற்றியாகிவிட்டது. எண்ணிக்கை சரி, அசல் தொகையின் கூட்டல் பைசா பிசகாமல் சரி. அந்தத் தெம்பில்தான் மூன்று வாரமாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா பிப்ரவரி 8-ல் ஒரு செயினை வைத்து 20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. அந்தக் கடையின் வழக்கப்படி வைத்த தேதியிலிருந்து மாதம் கணக்கு. ஒரு நாள் கூடினாலும் அடுத்த மாதத்து வட்டி முழுசாகச் சேரும். மூன்று மாதத்துக்கு 900 ரூபாய். கம்ப்யூட்டர் கேட்டது 1,200.

"எட்டாந்தேதி வச்சேன், எட்டாந்தேதி திருப்ப வந்திருக்கேன். ஒரு நாள் தாண்டினா அடுத்த மாச வட்டி போட்டுருவீங்கன்னு தெரிஞ்சுதானய்யா பஸ் ஏறி ஓடியாந்தேன்?"

கணக்குப்பிள்ளை என்னிடம் சீட்டையும் திரையையும் மாறி மாறிக் காட்டினார். சீட்டில் 8/2. திரையில் 07/02. "மிஷின்ல ஏழுன்னு இருக்கு தம்பி. ஆனா சீட்டு என் கையெழுத்து" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை. 900 வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்து அனுப்பினார். நான் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சந்தேகப்பட்டது நாளும் மாதமும் இடம் மாறியிருக்குமோ என்று. கோ மொழியில் தேதி வடிவத்தைச் சொல்லும் முறை கொஞ்சம் வினோதம். மற்ற மொழிகளில் வருஷத்துக்கு ஒரு எழுத்து, மாதத்துக்கு ஒரு எழுத்து என்று குறியீடு போடுவோம். கோ மொழியில் ஒரு மாதிரித் தேதியையே எழுதிக் காட்ட வேண்டும். அது 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 விநாடி. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து எண்ணினால் 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக வரும், நேர மண்டலத்தின் 7 கடைசியில். நமக்கோ நாள்தான் முன்னால். ஆகவே 02/01/2006 என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி 01/02/2006 என்று எழுதினால், 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவை பிழை காட்டி நின்றுவிடும். முதல் பன்னிரண்டு நாள்கள் மட்டும் சத்தமே இல்லாமல் தப்பாக உள்ளே போய்விடும். ஆனால் அப்படி மாறியிருந்தால் 8/2 ஆகஸ்ட் 2 ஆகியிருக்கும், பிப்ரவரி 7 ஆகியிருக்காது. அதனால் அதை அதோடு விட்டேன்.

அப்புறம் மாற்றும் நிரலையே திறந்து வரி வரியாகப் படித்தேன். பார்த்ததும் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது.

பழைய ஃபாக்ஸ்ப்ரோ கோப்பில் தேதி என்பது வெறும் எட்டு எழுத்து. 20230208. மணி கிடையாது, ஊர் கிடையாது. கோ மொழியில் அதற்கு நேரான வகை இல்லை. டைம் என்று ஒரே ஒரு வகைதான். அது காலக்கோட்டில் ஒரு புள்ளி. அதில் ஏற வேண்டுமானால் நாள் மட்டும் போதாது, மணியும் வேண்டும், எந்த ஊர் மணி என்றும் சொல்ல வேண்டும். மணி சொல்லாவிட்டால் ராத்திரி 12 என்று எடுத்துக்கொள்ளும். ஊர் சொல்லாவிட்டால் யூடிசி, அதாவது கிரீன்விச் பக்கத்து நேரம். நான்தான் ரொம்பக் கவனமான ஆள் ஆயிற்றே, மதுரைக்காரன் கடைக்கு எதற்கு கிரீன்விச் என்று, ஊரையும் சேர்த்துக் கொடுக்கும் பார்ஸ்இன்லொகேஷன் என்ற வழியில் ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்து வைத்திருந்தேன். ஆக மேலூர் அம்மாவின் செயின் பிப்ரவரி 8, இந்திய நேரம் ராத்திரி 12 மணிக்கு அடகுக்கு வந்தது என்று என் நிரல் முடிவு செய்துவிட்டது.

அடுத்து அது, நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நின்று பேசும் மைஎஸ்க்யூஎல் டிரைவரின் கைக்குப் போகிறது. தரவுத்தளத்தோடு இணையக் கொடுக்கும் இணைப்பு வரியில், எந்த மண்டலத்து நேரம் என்று சொல்ல லொக் என்று ஓர் அமைப்பு உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவும் யூடிசி. டிரைவர் என்ன செய்யும் என்றால், நாம் கொடுக்கும் நேரத்தை முதலில் அந்த மண்டலத்துக்கு மாற்றும், பிறகுதான் எழுதி அனுப்பும். பிப்ரவரி 8 ராத்திரி 12 மணியிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் பிப்ரவரி 7, மாலை ஆறரை. தரவுத்தள அட்டவணையில் அந்தப் பத்தி தேதி மட்டும் பிடிக்கும் பத்தி. அது மாலை ஆறரையை வெட்டி எறிந்துவிட்டு 7-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. திரும்ப எடுக்கும்போது 7, ராத்திரி 12, யூடிசி. திரையில் 07/02. எங்கேயும் பிழைச் செய்தி இல்லை. ஒவ்வொரு கட்டமும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

நான் ஊர் பேரே கொடுக்காமல் சோம்பேறித்தனமாக எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் யூடிசியாக இருந்து, எட்டு எட்டாகவே போய்ச் சேர்ந்திருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சரி, சோதனையில் இது ஏன் தெரியவில்லை? சோதனைக்கு நான் புதிதாகப் போட்ட ரசீதுகள் எல்லாம் கடை திறந்திருக்கும் நேரத்தில் போட்டவை. அவற்றுக்குத் தேதியை இப்போதைய நேரத்திலிருந்து எடுத்தேன். காலை 11 மணியில் ஐந்தரை மணி நேரம் கழித்தாலும் அதே நாள் காலை ஐந்தரைதான். தேதி நகராது. நள்ளிரவிலிருந்து விடிகாலை ஐந்தரை வரை விழும் நேரங்கள் மட்டும்தான் முந்தின நாளுக்குச் சறுக்கும். பழைய கோப்பிலிருந்து வந்தவை எல்லாமே நள்ளிரவுக்காரர்கள். அதனால் அத்தனையும் சறுக்கின.

மூன்று வாரமாக யாரும் கேட்காததற்கும் காரணம் இருக்கிறது. மாதத்தின் நடுவில் வந்து திருப்புகிறவருக்கு ஒரு நாள் வித்தியாசத்தால் வட்டி மாறுவதில்லை. கெடு முடிகிற அன்றைக்கே வருகிறவருக்குத்தான் மாறும். அப்படி வருகிறவர்கள் பணம் புரட்ட அலைந்து, ஒரு மாத வட்டியாவது மிஞ்சட்டும் என்று நாளை எண்ணிக்கொண்டு ஓடி வருகிறவர்கள். என் பிழை தேடித் தேடி அவர்களை மட்டுமே பிடித்தது. அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளையும் நானும் பேரேட்டை வைத்துப் பார்த்தபோது, அந்த அம்மாவுக்கு முன்னால் ஏழு பேர் ஒரு மாத வட்டி கூடுதலாகக் கட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் போயிருந்தார்கள்.

"கேக்க மாட்டாய்ங்க தம்பி. மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுருவாய்ங்க" என்றார் அவர்.

அப்போது அவருக்கு நடந்ததை விளக்க முயன்றேன். நமக்கு ராத்திரி 12 மணிக்குத் தேதி மாறுகிறது, லண்டன் பக்கத்துக் கணக்கில் நம் காலை ஐந்தரை மணிக்குத்தான் தேதி மாறும், மிஷின் அந்தக் கணக்கில் எழுதிவிட்டது என்றேன். அவர் பேரேட்டில் இன்றைக்கும் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதி எழுதுகிற மனிதர். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அஞ்சரைக்கா மாறுது? அப்ப அவன் கணக்குதான சரி. விடிஞ்சாத்தான நாளு? நடு ராத்திரில தேதியை மாத்துனது யாரு?"

பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. எனக்குப் பதில் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

பழைய கோப்பைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஆண்டை இரண்டே இலக்கத்தில் அடித்துப் பழகிய காலத்து ரசீதுகள். 2000-ஆம் ஆண்டில் போட்ட சில, 1900 என்று பதிந்து கிடந்தன. இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. சோபகிருது வருஷம் என்று மட்டும் எழுதி வைத்தால் அது 2023-ஆ 1963-ஆ என்று யாரால் சொல்ல முடியும்? அவர்கள் நூறு வருஷத்துக்கு ஒரு முறை குழம்பினார்கள், நமக்கு அறுபதிலேயே வந்துவிடும்.

இன்னொன்று, திருப்பிய தேதி. நகை இன்னும் கடையிலேயே இருந்தால் அந்த இடம் காலி, எட்டு வெற்றிடம். வெற்றிடத்தைத் தேதியாகப் படிக்கச் சொன்னால் கோ பிழையைத் திருப்பிக் கொடுக்கும், கூடவே டைம் வகையின் சுழி மதிப்பையும் கொடுக்கும். நான் பிழையைக் கண்டுகொள்ளாமல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். சுழி மதிப்பு என்றால் கி.பி. 1, ஜனவரி 1. டிரைவர் அதை 0000-00-00 என்று எழுதும். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் இயல்பாகவே இந்தச் சுழித் தேதியை ஏற்காது, ஆனால் தரவு ஏறாமல் அடம் பிடிக்கிறதே என்று அந்தக் கண்டிப்பை நானே அணைத்து வைத்திருந்தேன். விளைவு, கடையில் பெட்டிக்குள் இருக்கும் நகை எல்லாம் கடைச்சங்க காலத்திலேயே திருப்பப்பட்டுவிட்டது என்றது நிரல்.

நல்லவேளை, இது கடைக்குப் போவதற்கு முன்பே மாட்டிக்கொண்டது. காட்டிக்கொடுத்தது ஓர் எண். வைத்த நாளுக்கும் திருப்பிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்ற பத்தியில், வரிசையாக, திருப்பாத எல்லா ரசீதுக்கும், −106751. வேறு வேறு தேதியில் வைத்த நகைகளுக்கு எப்படி ஒரே எண் வரும்? கோ மொழியில் கால இடைவெளியை நானோ விநாடிகளாக 64 பிட்டில் வைத்திருப்பார்கள். அதில் கொள்வது ஏறக்குறைய 292 வருஷம். அதற்கு மேல் போனால் பிழை சொல்லாது, அளவு முட்டிய இடத்திலேயே நின்றுகொள்ளும். அந்த 292 வருஷச் சொச்சத்தை நாளாக்கினால் இந்த 106751. படியில் அரிசி தலைதட்டி வழிந்த பிறகு எத்தனை படி கொட்டினாலும் அளவு ஒன்றுதான் என்பது மாதிரி. காலி இடத்தைக் காலியாகவே வைத்துக்கொள்ள நல்டைம் என்ற வகை கோவின் 1.13-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதைப் போட்டதும் எண் மறைந்தது. இன்றைக்கும் எந்தத் திரையில் 106751 என்று பார்த்தாலும் எனக்கு உடனே புரிந்துவிடும், யாரோ ஒரு காலித் தேதியைக் கழித்திருக்கிறார்கள் என்று.

மறுபடி எட்டாம் தேதிக்கு வருகிறேன். திருத்தம் சுலபம் என்றுதான் நினைத்தேன். இணைப்பு வரியில் லொக் என்பதற்கு ஆசியா/கொல்கத்தா. நடுவில் இருக்கும் சாய்கோட்டை அப்படியே எழுதக் கூடாது, சதவீதக் குறி போட்டு 2எஃப் என்று எழுத வேண்டும். அதில் அரை மணி நேரம் போனது. என் மடிக்கணினியில் ஓடியது. கடையின் விண்டோஸ் கணினியில் போட்டால், அப்படி ஒரு நேர மண்டலமே தெரியாது என்றது. ஊர்களின் நேர வரலாறு அடங்கிய தரவுக் கோப்பு அந்தக் கணினியில் இல்லை. கோ 1.15-லிருந்து அந்தக் கோப்பை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடலாம். கட்டினேன். அது ஒரு பக்கம்.

ரசீது அச்சடிக்கும் பகுதி தனி. அங்கே அவசரத்துக்கு நிலையாக 19800 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரம், என்று ஒரு மண்டலத்தை நானே செய்து வைத்திருந்தேன். இந்திய நேரம் என்றால் ஐந்தரைதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது?

வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பிறந்த நாள் தெரியாத அந்தத் தலைமுறைக்கு எல்லாம் அட்டையில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும், அவருக்கு 1/1/1944. ரசீதில் 31/12/1943 என்று அச்சாகியது. மற்ற எல்லோருக்கும் சரி, அவருக்கு மட்டும் தப்பு. தரவுத்தளத்தில் போய்ப் பார்த்தால் அங்கே சரியாக 1944 ஜனவரி 1.

இரண்டாம் உலகப் போர்தான் காரணம் என்று சொன்னால் கணக்குப்பிள்ளை நம்பவே இல்லை. போர்க்காலத்தில் இந்தியாவின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்திய நேரம் ஆறரை. அந்தத் தரவுக் கோப்புக்கு இது தெரியும். அது பெரியவரின் பிறந்த நாள் நள்ளிரவை ஆறரை என்று வைத்துக் கொடுத்தது. என் அச்சுப் பகுதி அதை ஐந்தரைக்கு மாற்றியது. ஒரு மணி நேரம் பின்னால் போய் முந்தின நாள் ராத்திரி 11 மணி. வயதில் ஒரு வருஷம் கூடிவிட்டது.

அந்தக் கோப்பில் இன்னும் பழையதும் இருக்கிறது. 1906-க்கு முன்னால் ஐந்து மணி 21 நிமிடம் 10 விநாடி, அது சென்னை நேரம். அதற்கும் முன்னால் கல்கத்தாவின் உள்ளூர் நேரம், ஐந்து மணி 53 நிமிடம் 28 விநாடி. பைத்தானில் பைட்ஸி என்ற நேர மண்டலத் தொகுப்பைத் தேதிக்குள் நேராகச் செருகுகிறவர்களுக்கு எல்லாம் 23 நிமிடம் முன்பின்னாக வருவதற்கு இதுதான் காரணம். அது பட்டியலில் முதலில் இருக்கும் கல்கத்தா நேரத்தை எடுத்துக்கொள்ளும். என் நண்பன் ஒருவன் அண்ணா நகரில் உட்கார்ந்துகொண்டு அந்த 23 நிமிடத்தை இரண்டு நாள் தேடினான்.

பெரியவரின் ரசீதோடு நான் வழியை மாற்றிக்கொண்டேன். இதுவரை நான் செய்தது எல்லாம், ஊர் இல்லாத ஒன்றுக்கு எந்த ஊரைக் கொடுப்பது என்ற சண்டை. அடகு வைத்த நாளுக்கும் பிறந்த நாளுக்கும் ஊரே வேண்டாம். மேலூர் அம்மா எட்டாம் தேதி வைத்தார், அவ்வளவுதான். அது எத்தனை மணி, கிரீன்விச்சில் அப்போது என்ன கிழமை என்பதெல்லாம் கடைக்கு எதற்கு? ஜாவாவில் இதற்கென்றே லோக்கல்டேட் 2014-லிருந்து இருக்கிறது, பைத்தானில் டேட் என்று தனி வகை இருக்கிறது. கோவின் மூலத் தொகுப்பில் இல்லை. கூகுளின் கிளவுட் தொகுப்புக்குள் சிவில் என்ற பெயரில் ஒன்று கிடைக்கும், நல்லதுதான். நான் சொந்தமாகவே எழுதிக்கொண்டேன், ஐம்பது வரிகூட வராது. வருஷம், மாதம், நாள் என்று மூன்றே எண்கள். தரவுத்தளத்திலிருந்து படிக்கும் ஸ்கேன் என்ற செயல், வந்த டைமிலிருந்து அந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். எழுதும் செயல் 2023-02-08 என்று வெறும் எழுத்தாகவே அனுப்பும், டிரைவர் மாற்றுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. ரசீது எந்த நொடியில் பதிவானது என்பதற்கு மட்டும் டைமை வைத்துக்கொண்டேன். அது உண்மையிலேயே ஒரு நொடி.

இதைத்தான் ஃபாக்ஸ்ப்ரோ எட்டே எழுத்தில் இத்தனை வருஷம் வைத்திருந்தது.

மாதம் கூட்டுவதையும் நானே எழுத வேண்டி வந்தது. ஜனவரி 31-ஓடு ஒரு மாதம் கூட்டு என்றால் கோ அதை பிப்ரவரி 31 ஆக்கி, அப்படி ஒரு நாள் இல்லாததால், லீப் வருஷம் இல்லாவிட்டால், மார்ச் 3-ல் கொண்டுபோய் நிறுத்தும். கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "மாசக் கடைசில வச்சா மாசக் கடைசிதான் கெடு. இதுல என்ன தம்பி சந்தேகம்?" என்றார். அப்படியே எழுதினேன்.

கடைசியாக, ஏற்கெனவே தப்பாகக் கிடந்த தேதிகள். எல்லாவற்றுக்கும் ஒரு நாள் கூட்டிவிட முடியாது, சித்திரை ஒன்றுக்குப் பிறகு கடையில் போட்டவை சரியாக இருக்கின்றனவே. ரசீது எண்ணை வைத்துப் பழையதற்கு மட்டும் கூட்டினேன். பிறகு கணக்குப்பிள்ளை பேரேட்டை வாசிக்க, நான் திரையைப் பார்க்க, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். புதியதிலும் பதினொன்று ஒரு நாள் பின்னால் இருந்தன. எல்லாம் மே 5-ஆம் தேதிக்கு உரியவை, திரையில் 4. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் போனவர், கூட்டத்தில் வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல், ஊரே முழித்துக்கொண்டுதானே இருக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கடையைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த துண்டுச் சீட்டுகளைப் பதிந்திருக்கிறார். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று கணக்கு. நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் அந்தக் கடையில் நேரடியாகப் பதிவானது அந்தப் பதினொன்று மட்டும்தான்.

ஏழு பேரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முதலாளி சம்மதித்தார். இரண்டு பேர் போன் நம்பர் மாறியிருந்தது, அவர்கள் பெயருக்கு எதிரே பேரேட்டில் வரவு வைத்திருக்கிறார்கள்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில், அதே செயின் மறுபடி வந்தது. நான் அன்று பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். அந்த அம்மா அச்சடித்த சீட்டைக் கையில் வாங்கி, மடிக்காமல், கணக்குப்பிள்ளையிடமே திரும்ப நீட்டினார்.

"இதுல தேதியை நீங்க ஒருக்கா பேனாவால எழுதிருங்கய்யா."

அவர் என்னைப் பார்க்காமல் நீல மை பேனாவை எடுத்தார்.